பழைய ஜாவா போன் கேம்களை ஹேண்ட்ஹெல்டுல ஓட்டுறது உருப்படியா நடக்குமா?

கீபேடுக்காரன்:

வணக்கம் மக்களே, இங்க யாராச்சும் இதை செஞ்சு பாத்திருப்பீங்கன்னு நம்பி கேக்குறேன். வீட்டுல பழைய நோக்கியா 5310ல போட்டிருந்த மெமரி கார்டு கெடச்சுது, கம்ப்யூட்டர்ல சொருகினா உள்ள ஜார் ஃபைல் (ஜாவா கேம் அடங்குன ஃபைல்) எல்லாம் அப்படியே இருக்கு, டைமண்ட் ரஷ், ஆஸ்பால்ட் 3, கேங்ஸ்டார், கேலக்ஸி ஆன் ஃபயர், டூம் ஆர்பிஜின்னு நிறைய. அப்ப விளையாடி பாதியில விட்டது எல்லாத்தையும் இப்ப உக்காந்து முடிக்கணும்னு ஆசையா இருக்கு.

எங்கிட்ட ஒரு சின்ன லினக்ஸ் ஹேண்ட்ஹெல்டு இருக்கு, 3.5 இன்ச், 640×480 ஸ்கிரீன், ஹெச்700 சிப், 1 ஜிபி ரேம். அதுல ஜிபிஏ (கேம்பாய் அட்வான்ஸ்), பிஎஸ்1 (பிளேஸ்டேஷன் 1) எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுது. ஜாவா கேமுக்கு ஃப்ரீஜே2எம்இ கோர் (பழைய ஜாவா போன் மாதிரி நடிச்சு கேமை ஓட்டுற எமுலேட்டர்) போட்டேன், கேமை தொட்டா கருப்பு ஸ்கிரீன் வந்து ரெண்டு செகண்ட்ல திரும்ப மெனுவுக்கு வந்துடுது. பிஎஸ்1 ஓடுற மெஷின்ல 300 கேபி கேம் ஏன் ஓடமாட்டேங்குதுன்னு புரியல.

கேள்வி இதுதான். இதுலயே சரி பண்ணி ஓட்டலாமா, இல்ல இதுக்குன்னு தனியா ஆண்ட்ராய்டு ஹேண்ட்ஹெல்டு வாங்கணுமா? இன்னொண்ணு, நோக்கியா 3310ல இருந்த ஸ்னேக் 2, ஸ்பேஸ் இம்பாக்ட் ரெண்டுக்கும் ஜார் எங்கயாச்சும் கெடைக்குமா? எவ்ளோ தேடியும் சிக்கல.

ஜார்பெட்டி:

நண்பா, உங்க மெஷின் தாராளமா போதும். ஆரம்பகால நோக்கியா எஸ்40 (நோக்கியாவோட சாதாரண போன் வரிசை) போன்கள்ல ஒரு ஜார் 64 கேபிய தாண்டினாலே ஏத்துக்காது, அவ்ளோ சின்ன கேம்கள் இது, நாலு கார்டெக்ஸ் ஏ53 புராசசர் கோர் வச்சுக்கிட்டு பவர் பத்தி கவலைப்பட வேண்டியதே இல்ல.

கருப்பு ஸ்கிரீன் ஏன் வருதுன்னா, ஃப்ரீஜே2எம்இ மத்த எமுலேட்டர் மாதிரி தனியா நிக்கிற கோர் கிடையாது. அதுவே ஜாவால எழுதுன புரோகிராம். ரெட்ரோஆர்ச்ல (பல எமுலேட்டரை ஒரே எடத்துல ஓட்டுற ஆப்) நீங்க பாக்குற கோர் வெறும் இடைத்தரகர்தான், அது பின்னாடி ஒரு ஜாவா புராசஸை கெளப்பி விட்டு அது வரையிற படத்தை வாங்கி ஸ்கிரீன்ல காட்டும், நீங்க அமுக்குற பட்டனை அந்தப் பக்கம் அனுப்பும். ஆக உங்க ஹேண்ட்ஹெல்டுல மூணு சமாச்சாரமும் இருந்தாகணும், கோர் ஃபைல், சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள ஃப்ரீஜே2எம்இ-எல்ஆர்ங்குற ஜார், அப்புறம் அந்த புராசசருக்கு ஏத்த ஜாவா ரன்டைம், அதாவது ஜாவா புரோகிராமை ஓட்டுற மென்பொருள். இந்த மூணாவதைத்தான் நிறைய பேரு விட்டுடுறாங்க, ஏன்னா பிசில ஏற்கனவே ஜாவா இருக்கும், கோர் போட்ட உடனே ஓடிடும், ஹேண்ட்ஹெல்டுல இருக்காது. சில கஸ்டம் ஃபர்ம்வேர்ல (மெஷினோட வர்றதுக்கு பதிலா போடுற மாற்று மென்பொருள்) முதல் தடவை ஜாவா கேம் தொறக்கும்போது அதுவே நெட்ல இருந்து ஜாவாவ எறக்கிக்கும், அப்ப வைஃபை ஆன்ல இருக்கணும். சிலதுல நீங்களா 64 பிட் ஆர்ம் ஜாவா 8 எடுத்து போட்டு பாத் கொடுக்கணும். இதை பாருங்க முதல்ல, ஓடிடும்னு நெனக்கிறேன். ஓடினாலும் ஜாவா எழுந்திருக்க சில செகண்ட் எடுக்கும், ஜிபிஏ மாதிரி தொட்ட உடனே வராது, பதறி பட்டனை போட்டு அமுக்காதீங்க.

இதே காரணத்தால 128 எம்பி ரேம் மட்டும் இருக்குற மியூ மினி பிளஸ் மாதிரி மெஷின்ல ஜாவா கேம் ரொம்ப இறுக்கமாயிடும், கேம் சின்னதா இருந்தாலும் அதை சுமக்குற ஜாவா பெருசு. ஆண்ட்ராய்டுல இருக்குற ரெட்ரோஆர்ச்லயும் இந்த கோரை எதிர்பாக்காதீங்க, அங்க சாதாரண ஜாவா ரன்டைம் கெடையாது. அதுக்கு வேற வழி இருக்கு, மத்தவங்க சொல்லுவாங்க.

உண்மையான சிக்கல் ஸ்கிரீன்தான், அதைத்தான் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். போன் கேம் எல்லாம் நட்டுக்குத்தலா இருக்கும், உங்க ஹேண்ட்ஹெல்டு படுக்கை. 5310க்கு வந்த கேம் 240×320. உங்க ஸ்கிரீன் உயரம் 480. அப்ப ஒண்ணரை மடங்கு பெருசாகி 360×480 ஆகும், ரெண்டு பக்கமும் 140 பிக்சல் கருப்பு பட்டை. பட்டை கூட பரவால்ல, பழகிடும், ஒண்ணரை மடங்குங்குறதுதான் கண்ணை உறுத்தும், ஒரு பிக்சல் ஒண்ணாவே நிக்கும் பக்கத்து பிக்சல் ரெண்டாயிடும், எழுத்து கோணலா தெரியும், பேக்ரவுண்டு நகரும்போது நெளியும். அதனால நான் செய்யுறது என்னன்னா, 480 உயரம் உள்ள ஸ்கிரீனுக்கு அதே கேமோட சின்ன பில்டை (ஒரே கேமை ஒவ்வொரு போனுக்கும் தனியா செஞ்ச பதிப்புதான் பில்டு) தேடி போடுறேன். 128×160 பில்டு கெடச்சா மூணு மடங்கு போட்டா 384×480, உயரம் அப்படியே கச்சிதமா நெறஞ்சிடும், ஒரு பிக்சல் கூட பிசகாது. 176×208 பில்டு, அதாவது நோக்கியா 6600 காலத்து எஸ்60 (நோக்கியாவோட ஸ்மார்ட்போன் வரிசை) கேம், ரெண்டு மடங்குல 352×416 வரும். சோனி எரிக்சன் கே750க்கு வந்த 176×220 பில்டு 352×440. இது எல்லாமே அசல் போன்ல இருந்த ஸ்கிரீன விட பெருசாத்தான் உங்க கையில தெரியும், கணக்கு போட்டு பாருங்க.

240×320 பில்டுதான் வேணும்னு நின்னா 720×720 சதுர ஸ்கிரீன் உள்ள மெஷின் அருமை. ஆர்ஜிபி30, ஆர்ஜி கியூப் எக்ஸ்எக்ஸ் அந்த வகை. ரெண்டு மடங்கு போட்டா 480×640, நல்லா உக்காரும். டிரிம்யுஐ பிரிக்ல 1024×768, அதுலயும் அதே ரெண்டு மடங்கு.

ஸ்னேக் 2, ஸ்பேஸ் இம்பாக்ட் பத்தி. 3310ல இருந்தது ஜாவா கேமே கெடையாது, போன் ஃபர்ம்வேருக்குள்ளயே கலந்து எழுதுனது, 84×48 கருப்பு வெள்ளை ஸ்கிரீனுக்கு. அதனால ஜார்னு ஒண்ணு இருக்க வாய்ப்பே இல்ல. நெட்ல அந்த பேருல சுத்துறது எல்லாம் யாரோ பின்னாடி திரும்ப எழுதுனது, சிலது நல்லாவே இருக்கும், ஆனா அசல் இல்ல.

வெண்ணிலா86:

ஜார்பெட்டி அண்ணா சொன்னது அத்தனையும் சரி, ஆனா கேள்வி கேட்டவரு காசு செலவு பண்றதுக்கு முன்னாடி மேசை டிராயர்ல கெடக்குற பழைய ஆண்ட்ராய்டு போனை ஒரு தடவ பாக்கணும்னு சொல்றேன். ஜே2எம்இ லோடர்னு ஒரு ஆப், ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் ஒண்ணும் கெடையாது. ஜாரை கொடுத்தா அதை ஆண்ட்ராய்டுக்கு புரியுற வடிவத்துக்கு ஒரு தடவ மாத்தி வச்சுக்கும், அப்புறம் தொட்ட உடனே தொறக்கும், தனியா ஜாவா எல்லாம் தேட வேண்டாம்.

போனை நட்டுக்குத்தலா பிடிச்சா மேல பாதி கேம், கீழ பாதி நம்பர் கீபேடு, அந்த காலத்து போன் இருந்த மாதிரியே அமைப்பு வந்துடுது. 1080 பிக்சல் அகல போன்ல 240×320 கேம் நாலு மடங்குல 960×1280, அப்படி ஒரு தெளிவா அப்ப யாரும் பாத்திருக்க மாட்டோம்.

ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியா செட்டிங் வச்சுக்கலாம், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. சில கேம் எழுதும்போது போன் மெதுவா ஓடும்னு நம்பி வேகத்துக்கு கட்டுப்பாடே வைக்காம விட்டிருப்பாங்க, இப்ப உள்ள புராசசர்ல போட்டா கார் கண்ணுக்கு தெரியாம பறக்கும். அதுக்கு எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம்) லிமிட்னு ஒரு பெட்டி இருக்கு, அதுல 15, 20ன்னு போட்டு பாத்து பழைய வேகத்துக்கு கொண்டு வந்துடலாம். இன்னும் சில கேம் எந்த போன்னு கேட்டு பாத்துட்டு பிடிக்கலேன்னா தொறக்காது, சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ்ல போன் மாடல் பேரை மாத்திவிட்டா ஒழுங்கா வந்துடும்.

3டி கேமுக்கு மட்டும் ஒரு தகவல். கேலக்ஸி ஆன் ஃபயர் மாதிரி கேமுக்கு பல பில்டு உண்டு, சோனி எரிக்சனுக்கு வந்த பில்டு மாஸ்காட் கேப்சூல்ங்குற 3டி முறையில இருக்கும், வேற போனுக்கு வந்தது ஜேஎஸ்ஆர் 184ங்குற இன்னொரு 3டி முறையில இருக்கும். மாஸ்காட் கேப்சூல் பில்டுதான் கையில இருக்குன்னா சாதாரண லோடரை விட ஜேஎல்-மோட்னு அதுல இருந்து பிரிஞ்ச ஆப் போடுங்க, அதுக்காகவே வேலை பாத்து வச்சிருக்காங்க. எந்த பில்டுன்னு தெரியலேன்னா ரெண்டுலயும் போட்டு பாத்துடுங்க, ஆப் ரெண்டும் சின்னதுதான்.

தூத்துக்குடி_ரெட்ரோ:

அக்கா சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. டச் ஸ்கிரீன்ல கீபேடு படம் இருக்கும், ஆனா விரலுக்கு தெரியாதுல்லா. டைமண்ட் ரஷ்ல பாறை விழுறதுக்குள்ள ஒரு கட்டம் நகந்து திரும்பணும், ஒரு கட்டம் கூடுதலா போனா செத்தோம், அதை கண்ணாடி மேல தடவி விளையாடுறது கஷ்டம். பட்டன் வேணும்ணே.

அதேசமயம் பட்டன் இருந்தா மட்டும் போதாது, மாத்தி ஒதுக்கணும். போன்ல 2, 4, 6, 8 நாலு திசை, 5 அடிக்கிறதுக்கு, 1 3 7 9 கோணத்துக்கு, அது போக ஸ்டார், ஹேஷ், ரெண்டு சாஃப்ட் கீ (ஸ்கிரீனுக்கு கீழ மெனுவுக்குன்னு இருக்குற பட்டன்). நான் எப்பவும் வைக்கிறது இப்படி, டி-பேடு திசைக்கு, ஏ பட்டன் 5க்கு, எல்1 இடது சாஃப்ட் கீ, ஆர்1 வலது சாஃப்ட் கீ, எக்ஸ் ஒய் ரெண்டும் 1, 3க்கு, எல்2 ஆர்2 ஸ்டார் ஹேஷ். இந்த ரெண்டு சாஃப்ட் கீயும் சரியா வரலேன்னா மெனுவை விட்டு வெளிய வரவே முடியாது, கேம் தொங்கிடுச்சுன்னு நெனச்சு அழிச்சுடுறாங்க பாவம்.

அது ஏன் வரலேன்னா, திசை கீக்கும் சாஃப்ட் கீக்கும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நம்பர் வச்சிருந்தான். நோக்கியால இடது சாஃப்ட் கீ -6, வலது -7. மோட்டோரோலால -21, -22. சீமென்ஸ் வேற. கேம் எந்த போனுக்கு எழுதுனதோ அந்த நம்பரைத்தான் எதிர்பாத்து உக்காந்திருக்கும். ஃப்ரீஜே2எம்இல கோர் ஆப்ஷன்ல போன் வகை தேர்வு இருக்கு, நோக்கியாவா சீமென்ஸா மோட்டோரோலாவான்னு கேக்கும், பட்டன் வேலை செய்யலேன்னா முதல்ல அதை மாத்துங்க, அதோட ஸ்கிரீன் சைஸும் அங்கதான், அது தானா கண்டுபிடிக்காது, 176×220 கேமை 240×320ல தொறந்தா படம் மேல மூலையில ஒட்டிக்கிட்டு மிச்சம் எல்லாம் வெள்ளையா நிக்கும், இல்லேன்னா கன்னாபின்னான்னு வரும்.

ஜார் பேரு முக்கியம். ஃபைல் பேருலயே 176x220, என்73, கே800 இப்படி ஏதாச்சும் எழுதியிருப்பான், அதை அழிக்காம வைங்க, அதுதான் இந்த செட்டிங் எல்லாத்துக்கும் சாவி. நான் ஸ்கிரீன் சைஸ் வாரியா ஃபோல்டர் பிரிச்சு வச்சிருக்கேன்.

என்னைய கேட்டா கைல உள்ள மெஷினே போதும், புதுசா வாங்காதீங்க. 2டி கேம் எல்லாம் அதுல ஓட்டுங்க, 3டி வந்தா மட்டும் அக்கா சொன்ன மாதிரி போன். ஃப்ரீஜே2எம்இ பிளஸ்னு புது கிளை ஒண்ணு நல்ல வேகமா வளருது, அதையும் ஒரு கண் வச்சுக்கோங்க.

எஸ்60பிரியன்:

எல்லாரும் ஜாவாலயே நிக்கிறீங்க, அந்த கார்டுல .சிஸ் ஃபைல் (சிம்பியன் போன் ஆப் ஃபைல்) ஏதாச்சும் இருந்தா அது வேற கதை. 5310 எஸ்40ங்குறதால அதுல இருக்காது, ஆனா பின்னாடி யாராச்சும் இந்த பக்கம் தேடி வருவாங்க, அவங்களுக்காக சொல்லி வைக்கிறேன்.

நோக்கியா 6600, என்70, என்73 இந்த வரிசைல ஓடுன நேட்டிவ் (ஜாவா இல்லாம போனுக்கே நேரா எழுதுன) கேம், 2003 அக்டோபர்ல வந்த நோக்கியாவோட கேம் போன் என்-கேஜுக்கான கேம், இதெல்லாம் சிம்பியன்ங்குற போன் இயங்குதளத்துக்கு எழுதுனது. ஜார் எமுலேட்டர் எதுவும் இதை தொடாது. ஈகேஏ2எல்1னு ஒரு எமுலேட்டர் இருக்கு, ஆண்ட்ராய்டுக்கும் பிசிக்கும். இதுக்கு போனோட ஃபர்ம்வேர் டம்ப் (போன்ல இருந்து எடுத்த மென்பொருள் காப்பி) தேவை, ஒரு முழு இயங்குதளத்தையே எழுப்பி உக்கார வைக்கிற வேலைங்குறதால ஜாவா கேமை விட பலமடங்கு கனம். இந்த ஆசை இருக்குறவங்களுக்கு மட்டும்தான் நான் ஆண்ட்ராய்டு ஹேண்ட்ஹெல்டு வாங்கச் சொல்லுவேன், ரெட்ராய்டு பாக்கெட் மாதிரி. லினக்ஸ் குட்டி மெஷின்ல இதுக்காக நேரத்தை செலவழிக்க வேண்டாம்.

டூம் ஆர்பிஜிக்கு ஒரு வார்த்தை. அது 2005ல வந்த கேம், ஒரு அடி நீங்க வச்சா ஒரு அடி எதிரி வைப்பான், அப்படி ஆடுற கேம்ங்குறதால எமுலேட்டர் லேக், எஃப்பிஎஸ் எதுவுமே அதை பாதிக்காது. எந்த மெஷின்லயும் நிம்மதியா முடிக்கலாம். ஜாவால வந்ததை விட பிரூ (ஜாவா மாதிரி இன்னொரு போன் ஆப் தளம்) போனுக்கு வந்ததுதான் படம், சத்தம் ரெண்டுலயும் ஒசத்தி, 2022ல ரசிகர்கள் அந்த பிரூ பதிப்பை பிரிச்சு மேஞ்சு பிசிக்கு தனியா கொண்டு வந்துட்டாங்க. உங்க கார்டுல உள்ளது ஜாவா பதிப்பு, அதுவும் நல்ல கேம்தான், முதல்ல அதை தொடங்குங்க.

வடமராட்சியான்:

என்னட்ட இப்பவும் நோக்கியா 6600 ஒண்டு கிடக்கு, அதிலதான் விளையாடுறனான். எமுலேட்டர் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை, அசல் போன் எடுக்க யோசிக்கிற ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்லுறன். பிஎல்-5சி பற்றரி இண்டைக்கும் கடையளில கிடைக்குது, அந்தப் பிரச்சினை இல்லை. ஆனா பழைய போன் எடுக்கேக்க ஜோய்ஸ்ரிக்கை கட்டாயம் நாலு பக்கமும் அசைச்சுப் பாருங்கோ, தேய்ஞ்சு போய் ஒரு பக்கம் வேலை செய்யாது, அதுதான் இந்தப் போனுகளில முதல் சாகிற சாமான். மற்றது, கன போனில ஒரே நேரத்தில ரெண்டு கீ அமத்தினா ஒண்டைத்தான் எடுக்கும். ஓடிக்கொண்டே பாயுற கேமுக்கு எமுலேட்டரும் நல்ல பட்டனும் தான் சுகம், அதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா சத்தம் அசல் போனில கேக்கிற மாதிரி வேற எங்கயும் கேக்காது, மிடி பாட்டு (சுரக் குறிப்பு மட்டும் இருக்கிற ஃபைல்) அந்தந்தப் போனில இருந்த கருவிச் சத்தத்தில தான் வாசிக்கும், எமுலேட்டரில அதே பாட்டு வேற மாதிரி இருக்கும்.

கீபேடுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரமா எதிர்பாக்கவே இல்ல. ஜாவாதான் இல்லாம இருந்துச்சு, ஆர்ம் 64 பிட் ஜாவா போட்ட உடனே கேம் தொறந்துடுச்சு. டைமண்ட் ரஷ் 128×160 பில்டு ஒண்ணும் அந்த கார்டுலயே வேற ஃபோல்டர்ல இருந்துச்சு, அண்ணனோட பழைய போனுக்கு போட்டது போல, அதை மூணு மடங்குல போட்டா அவ்ளோ சுத்தமா இருக்கு. தூத்துக்குடி நண்பர் சொன்ன மாதிரியே எல்1 ஆர்1ல சாஃப்ட் கீ வச்சுட்டேன், கை உடனே பழகிடுச்சு. கேலக்ஸி ஆன் ஃபயர் மட்டும் போன்ல ஜேஎல்-மோட் போட்டு ஓட்டுறேன், அதுவும் அருமை.

ரெண்டு சந்தேகம் மிச்சம். டைமண்ட் ரஷ் 240×320 பில்டு போன்லயும் போட்டிருக்கேன், ஹேண்ட்ஹெல்டுல விட்ட இடத்துல இருந்து போன்ல தொடர முடியுமா? ஜிபிஏல மாதிரி சேவ் ஸ்டேட் எங்கயும் காணோம், அது உண்டா? அப்புறம் ஆஸ்பால்ட் 3 தொறந்தா முதல்ல மொழி கேக்குது, சத்தம் வேணுமான்னு கேக்குது, அதுக்கப்புறம் சத்தம் மட்டும் வரல.

ஜார்பெட்டி:

ஓடினது கேட்டு சந்தோஷம் நண்பா.

சேவ் ஸ்டேட் ஜாவா பக்கம் எதிர்பாக்காதீங்க. ஓடிட்டிருக்குற ஜாவா கேமை அப்படியே உறைய வச்சு எடுத்து வைக்கிறது லேசான வேலை இல்ல. கேம் தானா சேமிக்கிறது மட்டும்தான், அதை ஆர்எம்எஸ்னு சொல்லுவாங்க, ரெக்கார்டு ஸ்டோர். போன்லயும் அப்படித்தான் இருந்துச்சு. அதனால லெவல் முடிஞ்சு கேமோட மெனுவுக்கு வந்து, கேம்லயே எக்ஸிட் கொடுத்து வெளிய வாங்க. ஹேண்ட்ஹெல்டுல பவர் பட்டனை அமுக்கி மூடினா சில கேம் அந்த தடவை ஆடுனதை எழுதாமலே போயிடும், நிறைய கேம் வெளிய போகும்போதுதான் எழுதும்.

ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துறது, ஒரே எமுலேட்டரா இருந்தா நடக்கும். ஜே2எம்இ லோடர்ல அதோட ஃபோல்டருக்குள்ள டேட்டானு ஒண்ணு இருக்கும், கேம் வாரியா அதுல சேவ் இருக்கும், அந்த ஃபோல்டரை மொத்தமா காப்பி பண்ணி புது போன்ல அதே இடத்துல வச்சா போதும். ஆனா ஃப்ரீஜே2எம்இ எழுதுறது வேற அமைப்பு, லோடர் எழுதுறது வேற அமைப்பு, ஒண்ணை இன்னொண்ணு படிக்காது. போதாததுக்கு நீங்க ரெண்டு எடத்துலயும் வேற வேற பில்டு வச்சிருக்கீங்க, பில்டு மாறினா சேவ் உள்ள இருக்குறதும் மாறியிருக்கலாம். டைமண்ட் ரஷ்ஷை ஹேண்ட்ஹெல்டுலயே வச்சு முடிச்சுடுங்க, கேலக்ஸிய போன்லயே முடிச்சுடுங்க, ஒரு கேமுக்கு ஒரு மெஷின்னு வச்சுக்கிட்டா குழப்பமே வராது.

ஆஸ்பால்ட் சத்தத்துக்கு முதல்ல அது எந்த போன் பில்டுன்னு பாருங்க. பழைய மிட்பி 1.0ல (போன் ஜாவாவோட முதல் விதிமுறை) சத்தத்துக்கும் முழு ஸ்கிரீனுக்கும் வழியே இல்லாததால நோக்கியா, சீமென்ஸ், சாம்சங் எல்லாம் ஆளுக்கு ஒரு ஏபிஐ (கேம் போனோட வசதியை கூப்பிடுற வழி) எழுதி வச்சாங்க, சீமென்ஸ் பில்டு ஒண்ணை நோக்கியா செட்டிங்ல தொறந்தா படம் வந்து சத்தம் வராம போகலாம். 5310க்கு வந்த பில்டுன்னா அது மிட்பி 2.0, அந்த பிரச்சினை இருக்காது, அப்ப மிடி வாசிக்கிறதுக்கு உங்க ஜாவாவுக்கு சவுண்ட்ஃபான்ட் (கருவி சத்தங்களோட தொகுப்பு) கெடைக்கலையான்னு பாக்கணும். ஹேண்ட்ஹெல்டுக்கு வர்ற சின்ன ஜாவா தொகுப்புல சில சமயம் சவுண்டு பகுதியையே வெட்டிட்டு தருவாங்க, ஹெட்லெஸ்னு பேருல இருந்தா அதை விட்டுட்டு முழு தொகுப்பை எறக்கி போட்டு பாருங்க. டைமண்ட் ரஷ்ல சத்தம் வருதா? அதுலயும் வரலேன்னா ஜாவாதான் காரணம், அதுல வந்து ஆஸ்பால்ட்ல மட்டும் வரலேன்னா பில்டுதான், அப்ப அந்த ஜார் ஃபைல் பேரை இங்க போடுங்க, என்கிட்ட உள்ள பட்டியல்ல எந்த போனுக்கு வந்ததுன்னு பாத்து சொல்றேன்.

கீபேடுக்காரன்:

டைமண்ட் ரஷ்லயும் சத்தம் இல்லங்க, இப்ப நீங்க கேட்டப்புறம்தான் வால்யூம் வச்சு பாத்தேன். நான் போட்ட தொகுப்பு பேருல ஹெட்லெஸ்னுதான் இருக்கு. முழு தொகுப்பை எறக்கிட்டிருக்கேன், போட்டுட்டு சொல்றேன்.